பில் போட்டாச்சு, பதில் இல்லை: சிறுதொழில் செய்பவர்கள் விடாமல் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வேலை முடிந்துவிட்டது, பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, பில்லையும் மெயிலில் அனுப்பியாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ‘கிடைத்தது’ என்று ஒரு சொல்கூட இல்லை. சில நாள் பொறுத்து இன்னொரு மெயில் போடுகிறோம். அதற்கும் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, அதோடு சரி. கோவையில் லேத் பட்டறை நடத்துபவர், திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துத் தருபவர், வீட்டிலிருந்தே டிசைனோ மொழிபெயர்ப்போ செய்து கொடுப்பவர் என்று சின்ன அளவில் தொழில் செய்கிற எல்லோருக்கும் பழகிப்போன கஷ்டம் இது. சம்பளம் கொடுக்க வேண்டிய சனிக்கிழமை வந்துவிடும். வர வேண்டிய பணம் வந்திருக்காது. கேட்டால் அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

கேட்கத்தான் வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பணம் கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. பில் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு தாள் குறைவதால் நிற்கிறது. அதை நமக்குச் சொல்வது தன் வேலை என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. அந்த மேசையைக் கண்டுபிடிப்பதுதான் நாம் அனுப்பும் ஒவ்வொரு நினைவூட்டலின் வேலை. கண்டுபிடித்த பிறகும் பணம் வரவில்லை என்றால், அதுவரை எழுதியதெல்லாம் சட்டத்தின் முன் நிற்கும் ஆதாரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளைச் சொல்கிறேன்.

முதல் படி: பில் எந்த மேசையில் நிற்கிறது?

நமக்கு ஆர்டர் கொடுத்தவரும் நமக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆள் இல்லை. கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் பில் கடந்து போகிற பாதை ஏறக்குறைய இப்படி இருக்கும். பர்சேஸ் பிரிவு பிஓ, அதாவது எழுத்து ஆர்டர், போடுகிறது. பொருள் வந்ததும் ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்து, தரம் பார்த்து, ‘ஜிஆர்என்’ என்ற வரவுச் சீட்டு போடுகிறார்கள். சேவை வேலையாக இருந்தால், வேலை முடிந்தது என்று அந்தத் துறை மேலாளர் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அக்கவுண்ட்ஸில் பிஓ, ஜிஆர்என், பில் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பில் ‘புக்’ ஆகும், அதாவது கணக்கில் ஏறும். அதன்பிறகு ஒப்புதல். அதன்பிறகு வாரத்துக்கு ஒரு நாளோ மாதத்துக்கு இரண்டு நாளோ மொத்தமாகப் பணம் அனுப்பும் நாள் வரும். அதற்குப் ‘பேமென்ட் ரன்’ என்று பெயர்.

ஸ்டோர்ஸில் 500 என்று பில்லில் இருப்பதை 498 என்று எண்ணியிருந்தால், பில் அங்கேயே நிற்கும். பர்சேஸ் மேலாளருக்கு அது தெரியவே தெரியாது. நாமோ அவருக்கே திரும்பத் திரும்ப மெயில் போட்டுக்கொண்டிருப்போம். அவர் திறந்து பார்ப்பார், ‘அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொள்ளும்’ என்று நினைப்பார், மூடிவிடுவார். அக்கவுண்ட்ஸுக்கு அந்த மெயில் போகவே இல்லை. இரண்டு பக்கமும் யாரும் ஏமாற்றவில்லை. பணம் மட்டும் வரவில்லை.

ஆகவே, பேசாமல் இருக்கிற ஆளிடம் ‘எப்போது பணம் வரும்?’ என்று கேட்பதைவிட, ‘பில் புக் ஆகிவிட்டதா, அல்லது எதற்காவது நிற்கிறதா?’ என்று கேட்பது பலமடங்கு பலன் தரும். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்காது. இரண்டாவதற்குக் கணினியைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இரண்டாம் படி: முதலில் நம் பக்கம்

நினைவூட்டல் அனுப்புவதற்கு முன் அனுப்பிய பில்லை ஒருமுறை அந்நியக் கண்ணால் பாருங்கள். பிஓ எண் இருக்கிறதா? வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் சரியான மாநிலத்து எண்தானா? (சென்னையிலும் பெங்களூருவிலும் கிளை உள்ள கம்பெனிக்கு இரண்டு எண் இருக்கும், தவறான எண்ணில் போட்ட பில்லை அக்கவுண்ட்ஸ் தொடவே தொடாது.) பிஓவில் உள்ள விலையும் பில்லில் உள்ள விலையும் பைசா வரை ஒன்றா? வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் பில்லின் தலையில் இருக்கும் பெயரும் ஒன்றா? புதிய கம்பெனி என்றால் நம்மை வெண்டராகப் பதிவு செய்து, ‘கேன்சல்டு’ என்று எழுதிய காசோலை நகலை வாங்கிவைத்தார்களா?

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பலருடைய பில் நிற்பதற்கு இதுதான் காரணம், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்தால்தான் நம் பில், வாங்குபவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி பட்டியலில் தெரியும். அதில் தெரிந்தால்தான் நம் பில்லில் உள்ள வரியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 11-ந் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் இருந்தால், நம் பில் அவர் கண்ணில் படவே காலாண்டு முடிய வேண்டியிருக்கும். இடைப்பட்ட மாதங்களிலும் பில் விவரத்தை 13-ந் தேதிக்குள் தனியாக ஏற்றும் வசதி இருக்கிறது. பெரிய கம்பெனிகளோடு தொழில் செய்பவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். நம் ஆடிட்டர் தாக்கல் செய்ய மறந்திருக்கும்போது நாம் எதிராளிமேல் கோபப்பட்டு என்ன பயன்?

இன்னொரு ஜன்னலும் இருக்கிறது. வருமான வரித் தளத்தில் நம் பான் எண்ணுக்கு உரிய 26ஏஎஸ் அறிக்கையை (நம் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) திறந்து பாருங்கள். பில்லைக் கணக்கில் ஏற்றும் நாள், பணம் தரும் நாள் இரண்டில் எது முந்தியதோ அன்றே டிடிஎஸ் (பணம் தருபவர் நமக்காகப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பணம் வராமலேயே அந்தக் கம்பெனி பெயரில் டிடிஎஸ் பதிவு தெரிந்தால், பில் புக் ஆகிவிட்டது என்று பொருள். காலாண்டு அறிக்கை தாக்கலான பிறகே அது தெரியும் என்பதால் சில வாரம் பின்தங்கித்தான் இருக்கும். ஆனாலும் ‘பில் கிடைக்கவே இல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘இந்தப் பில்லுக்கு நீங்கள் டிடிஎஸ் பிடித்திருக்கிறீர்களே’ என்று பணிவாகக் காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாம் படி: முதல் நினைவூட்டல்

பில் அனுப்பிய மூன்றாம் நான்காம் நாளே ஒரு சிறிய மெயில் போட்டுவிடுவது நல்லது. பணம் கேட்டு அல்ல. பில் சரியாக இருக்கிறதா என்று கேட்டு. கெடு நாள் முடிந்த பிறகு கேட்டால் அது புகார்போல ஒலிக்கும். முன்பே கேட்டால் உதவிபோல ஒலிக்கும், பிழை இருந்தால் திருத்தவும் நேரம் இருக்கும்.

எழுதும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பழைய மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள். புதிய மெயில் தொடங்கினால் முன்கதை அறுந்துபோகும். பில்லை மறுபடி இணையுங்கள். பழைய மெயிலைத் தேடச் சொன்னால் தேட மாட்டார்கள். தலைப்பு வரியில் பில் எண், பிஓ எண், தொகை மூன்றும் இருக்கட்டும். அப்போதுதான் அவர் அதை அப்படியே அக்கவுண்ட்ஸுக்குத் தள்ளிவிடும்போது அங்கே இருப்பவருக்கு உள்ளே படிக்காமலே புரியும். ஒரு மெயிலில் ஒரே கேள்வி.

பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். மொழி எதுவானாலும் அமைப்பு இதுதான்:

“வணக்கம் சார். பிஓ 2231-க்கான எங்கள் பில் எண் 118-ஐ (ரூ.64,900) ஜூன் 4 அன்று அனுப்பியிருந்தோம். நகலை மீண்டும் இணைத்திருக்கிறேன். பில் அக்கவுண்ட்ஸில் பதிவாகிவிட்டதா, அல்லது எங்களிடமிருந்து ஏதாவது தேவைப்படுகிறதா என்று தெரிவித்தால் உடனே அனுப்பிவைக்கிறேன். அக்கவுண்ட்ஸில் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்றும் சொன்னால் உங்களைத் தொந்தரவு செய்யாமல் நேராக அவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.”

கடைசி வரிதான் இதில் முக்கியம். பர்சேஸ் மேலாளருக்கு நம் நினைவூட்டல் ஒரு சுமை. அதை இறக்கிவைக்க வழி காட்டினால், பதிலே போடாதவரும் ஒரு போன் நம்பரை அனுப்பிவிடுவார். அடுத்த படிக்கு நமக்கு வேண்டியது அந்த நம்பர்தான்.

‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’, ‘நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ போன்ற வரிகளை நான் தவிர்க்கச் சொல்வேன். செய்த வேலைக்குக் கூலி கேட்க மன்னிப்பு தேவையில்லை. நேரம் கிடைக்கும்போது பார்க்கச் சொன்னால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. அதேபோல் ‘இத்தனை முறை எழுதியும் பதில் இல்லை’ என்று தொடங்குவதும் வேண்டாம். படிப்பவருக்கு முதல் வரியிலேயே குற்ற உணர்ச்சி வந்தால், அவர் செய்யும் முதல் காரியம் அந்த மெயிலை மூடுவது.

மெயில் திறக்கப்பட்டதா என்று வேவு பார்க்கும் மென்பொருட்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்தார் என்று தெரிந்தால் நம் கோபம் கூடும். அதற்குமேல் அந்தத் தகவலால் ஒரு காரியமும் ஆகாது.

நான்காம் படி: போன்

இரண்டாவது மெயிலுக்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது மெயில் வேண்டாம், போன் செய்யுங்கள். எப்போது செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மாதம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. 7-ந் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ந் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ந் தேதி ஜிஎஸ்டி கட்டுவதற்கான 3பி படிவம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலை. இந்த நாட்களில் அழைத்தால் ‘அப்புறம் கூப்பிடுங்க’ என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. 21-லிருந்து 27 வரை ஓரளவு மூச்சுவிட நேரம் இருக்கும். காலையில் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் போன பிறகு அழையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரம் பணம் கேட்டு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். நாம் அதற்கு இரண்டு வாரம் முன்பே நிற்க வேண்டும்.

பேசும்போது கேட்க வேண்டியவை மூன்று. பில் புக் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் யாரிடம், எதற்காக நிற்கிறது? ஆகிவிட்டது என்றால் அடுத்த பேமென்ட் ரன் எந்தத் தேதி?

“மேடம், வணக்கம். லேபிள் சப்ளை பண்றோமே, அந்த 118-ம் நம்பர் பில். சிஸ்டத்துல புக் ஆயிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்ல முடியுங்களா?” இந்த ‘மட்டும்’ கதவைத் திறந்துவிடும். புக் ஆகவில்லை என்றால் அவரே காரணத்தையும் சொல்லிவிடுவார். எங்கோ நிற்கிற பில்லுக்கு அவர்தான் நமக்கு வழிகாட்டி. கம்பெனியின் மேல் உள்ள கோபத்தை அந்த மேசையில் இருக்கும் பெண்ணிடம் காட்டுவது அநியாயம். அவர் கையில் எதுவும் இல்லை, இருந்தும் நமக்காகத் தேடிப் பார்க்கிறார்.

போனை வைத்த கையோடு இரண்டு வரி மெயில் எழுதிவிடுங்கள்: “இன்று பேசியபடி, பில் 118 புக் ஆகிவிட்டது என்றும் ஜூலை 18 பேமென்ட் ரன்னில் வரும் என்றும் சொன்னீர்கள். நன்றி.” இதற்குப் பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. சொன்ன தேதி எழுத்தில் ஏறிவிட்டது. ஜூலை 18 தாண்டினால், ‘ஏன் இன்னும் வரவில்லை’ என்று புதிதாகத் தொடங்காமல், இந்த மெயிலுக்கே பதிலாக எழுதலாம்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பாதித் தொழில் அதில்தான் நடக்கிறது, ஆகவே விட முடியாது. பில்லின் படத்தை அனுப்பவும், ஒரு வரியில் நிலவரம் கேட்கவும் நல்ல வழி. ஆனால் ஒருவருடைய சொந்த நம்பருக்கு இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ பணம் கேட்டு அனுப்பாதீர்கள். தானாக மறையும் செய்தி வசதியை அந்த உரையாடலில் அணைத்துவையுங்கள். போன் மாற்றும்போது பழைய உரையாடலைப் பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவு சான்றிதழோடு சேர்ந்தால் சாட்சியமாக ஏற்கப்படும். ‘அடுத்த வாரம் போட்டுடறேன்’ என்று அவர் அனுப்பிய ஒரு வரி, பிறகு நமக்குப் பெரிய பலமாகலாம்.

ஐந்தாம் படி: அடுத்த நாற்காலி

சொன்ன தேதி தாண்டியும் பணம் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை என்றால் அடுத்த ஆளைச் சேர்க்க வேண்டும். ‘மேலிடத்தில் சொல்லிவிட்டான்’ என்ற மனக்கசப்பு வராமல் செய்ய முடியும். முன்னால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: “வெள்ளிக்கிழமைக்குள் நிலவரம் தெரியாவிட்டால், உங்கள் ஃபைனான்ஸ் மேலாளரையும் இந்த மெயிலில் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன், உங்களுக்கும் உதவியாக இருக்கும்.” இந்த வரிக்கே பாதிப் பேரிடமிருந்து பதில் வந்துவிடும். வராவிட்டால் சொன்னபடி வெள்ளிக்கிழமை செய்துவிட வேண்டும். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த முறை நம் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

நிதிப் பிரிவின் தலைவருக்கு எழுதும்போது அவருக்குக் கவலை தரும் விஷயத்தைத் தொட வேண்டும். அவருக்கு நம் சனிக்கிழமைச் சம்பளம் கவலை இல்லை. அவருடைய கவலைகள் இவை:

பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவை அவர் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்த பிறகுதான் மறுபடி எடுத்துக்கொள்ள முடியும்.

குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் (அது என்ன என்று அடுத்த படியில் சொல்கிறேன்) பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டில் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் கழிக்கலாம். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்து 2024 ஏப்ரல் 1 முதல் அமலான ஏற்பாடு இது. எந்த ஆடிட்டரிடமும் ‘43பி எச்’ என்றால் புரியும்.

அத்தகைய நிறுவனங்களுக்கு 45 நாளுக்குமேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசிக்குள்ளும் அக்டோபர் கடைசிக்குள்ளும், கம்பெனிப் பதிவாளரிடம் அந்த விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இவற்றை மிரட்டலாக எழுதாதீர்கள். “மார்ச் 31-க்குள் பில் தீர்ந்தால் உங்கள் பக்கமும் வரிக் கணக்கு எளிதாக இருக்கும்” என்று எழுதினால் போதும். பிப்ரவரி முதல் வாரத்தில் இந்த வரிக்கு உள்ள வலிமை, ஏப்ரலில் இருக்காது.

ஆறாம் படி: சட்டம் தரும் கையிருப்பு

இதை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பணம் தரும் கெடுவைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள். ஆனால் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பிஓவில் ‘90 நாள் கடன்’ என்று அச்சடித்திருந்தாலும் இந்தச் சட்டத்தின் முன் 45 தான் கணக்கு.

நாள் எண்ணுவது எங்கிருந்து? பொருள் போய்ச் சேர்ந்த அல்லது சேவை முடிந்த நாளிலிருந்து. 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்துமூலம் குறை சொல்லாவிட்டால், அவர் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வதைச் சட்டமே சொல்கிறது. மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, கேட்டதும் ‘தரம் சரியில்லை’ என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். டெலிவரி சலானில் முத்திரையும் தேதியும் வாங்கிவைப்பது ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் தெரியும்.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி, தர வேண்டும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நமக்கு வர வேண்டிய வட்டி 18 சதவீதம். அந்த வட்டியை அவர் வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

இதற்கு நம்மிடம் இருக்க வேண்டியது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் உள்ள இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். பணம் கேட்டு வரும் இடைத்தரகர் தளங்களைத் தொடாதீர்கள். உற்பத்திக்கும் சேவைக்கும் இது பொருந்தும். தனியாளாக டிசைன் வேலை செய்பவர்கூட குறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளலாம். விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருந்து ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைக்கும், ஆனால் தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் வழக்கில் சிக்கல் வரும், ஆகவே இன்றைக்கே பதிந்துவிடுங்கள். எண்ணைப் பில்லின் தலையிலேயே அச்சிடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் சான்றிதழ் நகலை எல்லா வாடிக்கைக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

முறையான கடிதம் இப்படி இருக்கலாம்:

“பில் எண் 118, தேதி ஜூன் 4, தொகை ரூ.64,900. பொருள் ஜூன் 3 அன்று உங்கள் ஸ்டோர்ஸில் ஒப்படைக்கப்பட்டது. முத்திரையிட்ட சலான் நகல் இணைப்பில் உள்ளது. இதுவரை எழுத்துமூலம் எந்தக் குறையும் தெரிவிக்கப்படவில்லை. நாங்கள் உத்யம் பதிவுள்ள குறு நிறுவனம். 2006 சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி கெடு முடிந்துவிட்டது. இந்தக் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் அசல் தொகையைச் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். தவறினால் 16-ம் பிரிவின்படி வட்டியும் சேர்த்துக் கோருவோம்.”

இதில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை, பழைய உறவைப் பற்றிய பேச்சு இல்லை. தேதிகளே பேசட்டும். மெயிலில் அனுப்புவதோடு தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஒப்புகையோடு அனுப்பக் கேட்டு, ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 18-ம் பிரிவின்படி குறு, சிறு தொழில் வசதியாக்கக் கவுன்சிலில் மனு. 2017-ல் தொடங்கிய சமாதான் தளம் இதற்காக வந்ததுதான். எப்படி, எங்கே தாக்கல் செய்வது என்று உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்லுவார்கள். கவுன்சில் முதலில் சமரசம் பேசும்; படியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் வாங்குபவர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். அந்த ஒரு விதிக்காகவே பலர் சமரசத்தில் முடித்துக்கொள்கிறார்கள்.

மனுப் போட்டால் அந்த வாடிக்கை போய்விடும் என்பது உண்மைதான். அதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் கருத்து: ஆறு மாதம் பணமும் தராமல், பதிலும் தராமல் இருப்பவர் வாடிக்கையாளர் இல்லை. அவருக்கு அடுத்த ஆர்டரைக் கடனில் செய்து கொடுப்பது நம்மிடம் வேலை செய்பவர்களின் கூலியை அவருக்குக் கடன் கொடுப்பதுதான்.

காலக்கெடுவை மறக்காதீர்கள்

பாக்கியைக் கோர்ட்டில் கேட்க 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று ஆண்டுதான். நாம் அனுப்பும் நினைவூட்டல்கள் எத்தனை ஆனாலும் அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. கெடு முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால்தான் புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் நம் கணக்குப்படி அவர் தர வேண்டிய பாக்கியை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ‘பேலன்ஸ் கன்ஃபர்மேஷன்’ கேட்டு அனுப்புங்கள். பணம் கேட்கும் மெயிலுக்குப் பதில் போடாத அக்கவுண்ட்ஸ்கூட இதற்குக் கையெழுத்திட்டு அனுப்பும். அவர்கள் ஆடிட்டருக்கே இது தேவை. நமக்கோ இது கடனை ஒப்புக்கொண்ட எழுத்து.

அரசு அலுவலகம் என்றால்

துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்த வேலையில் பில் நிற்பதற்குப் பெரும்பாலும் நிதி ஒதுக்கீடோ, செய்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகப் பதிவோ காரணமாக இருக்கும். எழுத்தரிடம் நேரில் கேட்பதே முதல் வழி. பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, ‘இந்தப் பில் இன்றைய தேதியில் எந்த அலுவலரிடம் உள்ளது, எந்தத் தேதியில் அவரிடம் வந்தது’ என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள். கோப்பில் இருக்கும் தகவலை மட்டும் கேளுங்கள். வாங்குபவர் அரசுத் துறையாக இருந்தாலும் 2006 சட்டம் பொருந்தும்.

கொட்டேஷனுக்குப் பதில் இல்லையென்றால்

இது வேறு விஷயம். இங்கே அவர் நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை, ஆகவே சீக்கிரம் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் ஒரு மெயில், அதில் புதிதாக ஏதாவது இருக்கட்டும்: ஒரு சாம்பிள், குறைந்த அளவுக்கான விலை, கிடைக்கும் தேதி. இன்னும் இரண்டு வாரம் போய் ஒரு போன். அதற்கும் பதில் இல்லையென்றால், “இந்த விலை மாதக் கடைசி வரை செல்லும், அதன்பிறகு தேவைப்பட்டால் புதிய விலை தருகிறேன்” என்று எழுதிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். கொட்டேஷன் கேட்பவர்களில் பலர், வேறு ஒருவரிடம் பேசி முடித்த பிறகு கணக்குக்கு மூன்று விலை காட்டக் கேட்பவர்கள். அவர்களைத் துரத்துவதில் போகும் நேரம் பாக்கி வசூலில் போகலாம்.

பணம் வந்த அன்று

யுடிஆர் எண்ணை (வங்கிப் பரிமாற்ற எண்) குறிப்பிட்டு, எந்தப் பில்லுக்கு எவ்வளவு வந்தது, டிடிஎஸ் போக எவ்வளவு என்று அன்றே மெயில் போடுங்கள். உதவி செய்த அக்கவுண்ட்ஸ் மேடத்துக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள். அடுத்த பில்லை அவரே பார்த்துக்கொள்வார். தாமதத்துக்கு என்ன காரணம் என்று தெரிந்திருக்கும் இல்லையா, அதை அந்த வாடிக்கையாளரின் கோப்பில் முதல் பக்கத்தில் குறித்துவையுங்கள்: பிஓ எண் எங்கே எழுத வேண்டும், யாருக்கு நகல் அனுப்ப வேண்டும், பேமென்ட் ரன் எந்தக் கிழமை. அடுத்த ஆர்டர் வரும்போது, வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, பணம் தரும் நாளையும் அக்கவுண்ட்ஸில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயரையும் பிஓவிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.